சீனப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

அரைமணி நேரம் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நான் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவன். ஆசிரியனும் அல்லேன், புலவனும் அல்லேன். பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை என்னும் ஒரு தகுதியே எனக்கு உண்டு. அத்தகுதியை நம்பி, நம் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்பைப் பற்றிச் சில சொல்லத் துணிகின்றேன். தமிழ்ச் சங்கத்து மேடையில் ஆங்கிலத்தைப் பற்றிய பேச்சா என்று யாரேனும் வியக்கலாம். பேச்சு முடிவதற்குள், இது தமிழைப் பற்றிய பேச்சே என்பது விளங்கிவிடும்.

நம் குடியிருப்பின் நிலை நீங்கள் அறியாதது அன்று. காஞ்சன்பாக் என்பது பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிக்கூடங்களும், பாரத் டைனமிக்ஸ், மிதானி போன்ற தொழிற்சாலைகளும் நிறைந்த இடம். நெல்லையிலிருந்தும் வேலூரிலிருந்தும் கோவையிலிருந்தும் பிழைப்பை நாடி வந்த நாம், அவற்றைச் சுற்றிக் குடியமர்ந்தோம். என்னைப்போல் செகந்தராபாத்துக்கு நாள்தோறும் சென்று மீள்வோரும் சிலர் உண்டு. நம் வீட்டுப் பிள்ளை காலையில் கண்விழித்ததும் கேட்பது தமிழ். பால்காரர் பேசுவது தெலுங்கு. தெருவில் பந்தாடும்போது காதில் விழுவது தக்காணத்து உருது. பள்ளி வாயிலைக் கடந்தால் ஆங்கிலம். நான்கு மொழிகள் கூலியின்றிக் காதில் வந்து விழும் பேறு எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்க்கும்?

ஆயினும், படிப்பு என்று வரும்போது நிலைமை வேறாக இருக்கிறது. சென்ற கோடை விடுமுறையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆங்கிலப் பாடத்தை என்னெதிரே படித்துக் காட்டினான். தங்குதடையின்றிப் படித்தான், உச்சரிப்பும் குறைசொல்ல முடியாதபடி இருந்தது. “இதில் என்னப்பா சொல்லியிருக்கிறது?” என்று கேட்டேன். “அதெல்லாம் கேள்வி பதில் நோட்டில் இருக்கிறது, அங்கிள்” என்றான். எங்கள் இரயில்வேயில் காலிப் பெட்டிகளை இழுத்துச் செல்லும் சரக்கு வண்டிகளும் உண்டு. ஓசைக்குக் குறைவிராது, வேகமும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் சென்று சேரும் நிலையத்தில் இறக்கி வைப்பதற்கு ஒன்றுமே இராது. பொருள் அறியாமல் உரக்கப் படிக்கும் படிப்பும் அத்தகையதே.

இந்நோய்க்கு மருந்தாக இப்பொழுது ஓர் அறிவுரை உலவுகிறது. “வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடுங்கள்; ஆங்கிலம் தானே வந்துவிடும்” என்று பெற்றோரிடம் சொல்லுகிறார்கள். அதைக் கேட்டு, பெற்ற குழந்தையோடு அரைகுறை ஆங்கிலத்தில் மட்டுமே பேசும் குடும்பங்களும் உள்ளன. விளைவு யாது? பொங்கலன்று ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைக்கிறாள். “கண்ணு, சாப்பிட்டாயா? அங்கே பனி அதிகமா?” என்று கேட்கிறாள். பேரன் இரண்டு சொல் உதிர்த்துவிட்டுத் தொலைபேசியைத் தாயிடம் நீட்டிவிடுகிறான். பாட்டிக்கு மனம் வாடுகிறது. அவளையும் இழந்து, ஆங்கிலத்தையும் பெறாமல் நிற்கும் பிள்ளையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவ்வறிவுரை சரியானதுதானா? இதுவே இன்று நாம் ஆராயவேண்டிய கேள்வி.

விடை காண்பதற்கு, நம்மைவிட ஆங்கிலத்துக்குத் தொலைவில் நிற்கும் பிள்ளைகள் அதை எவ்வாறு படிக்கிறார்கள் என்று பார்ப்பது நலம். சீனப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுகிறேன். சீனர் நமக்குப் புதியவர் அல்லர். சோழப் பேரரசின் தூதர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவைக்குச் சென்றனர். சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில், 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே வாழ்ந்த தமிழ் வணிகர் சிவபெருமானுக்குக் கோயில் எடுத்த செய்தி அது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கையின் காலித் துறையில் நிறுவிய கல் ஒன்று 1911இல் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409ஆம் ஆண்டு நாளிட்ட அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துகள் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கை கூறுகிறது. அயலாரிடம் பேசவேண்டுமானால், அவரவர்க்கு அறிமுகமான பொருளைக்கொண்டே பேசவேண்டும் என்பதை அக்கடலோடி அறிந்திருந்தார். படிப்புக்கும் இதுவே வழி என்பதைப் பின்னர்க் காண்போம்.

சீனச் சிறுவன் ஒருவனுக்கு ஆங்கிலம் எத்துணைத் தொலைவு என்பதை எண்ணிப் பாருங்கள். அவன் தன் சொந்த மொழியைப் படிக்கவே ஆயிரக்கணக்கான எழுத்துருக்களைக் கற்கவேண்டும். 1988இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட பொதுவழக்குப் பட்டியலில் மட்டும் 3,500 எழுத்துருக்கள் உள்ளன. அவன் மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. ‘வந்தான், வருகிறான், வருவான்’ என்று நாம் வேறுபடுத்துவதுபோல் அவன் வேறுபடுத்துவதில்லை. ஆகவே, ஆங்கிலத்தின் காலவேறுபாடுகள் அவனுக்குப் பெருஞ்சுமை. நம் பிள்ளைக்கோ அவை பாதிவழி தெரிந்த ஊர். இத்தனை இடர் இருந்தும், 2001 முதல் அங்கே மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கற்பித்து வருகின்றனர். கல்லூரிக்குச் செல்லும் நுழைவுத் தேர்வில் வழக்கமாகவுள்ள 750 மதிப்பெண்ணில் 150 அயல்மொழிக்கு உரியது. அதில் படித்துப் பொருளறியும் பகுதிக்குப் பெரும்பங்கு உண்டு.

அவர்கள் எதைப் படிக்கிறார்கள் என்பதே நாம் கவனிக்கவேண்டியது. 2017இல் வெளியான உயர்நிலைப்பள்ளி ஆங்கிலப் பாடத்திட்டம் பாடப்பொருள்களை மூன்றாக வகுத்தது. மனிதனும் தானும் என்பது ஒன்று. மனிதனும் சமுதாயமும் என்பது இரண்டு. மனிதனும் இயற்கையும் என்பது மூன்று. பண்பாட்டறிவும் மொழிக்கல்வியின் உறுப்பே என்று அது கூறுகிறது. பெய்ஜிங்கின் மக்கள் கல்விப் பதிப்பகம் 2019இல் வெளியிட்ட ஆங்கிலப் பாடநூல்களில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் படிக்கும் பாடங்களைப் பாருங்கள். ஒரு பாடம் சீன எழுத்து பழங்காலத்தில் எலும்பிலும் ஆமையோட்டிலும் தோன்றி வளர்ந்த வரலாறு. ஒரு பாடம் 1976இல் தாங்சான் நகரை அழித்த நிலநடுக்கம். மற்றொன்று திபெத்தின் உயர்ந்த சமவெளியில் வாழும் மறிமானைக் காப்பவர்களைப் பற்றியது. இன்னுமொன்று துன்குவாங் குகை ஓவியங்களைப் பற்றியது. அதற்கு அடுத்தாற்போல், எகிப்தில் அஸ்வான் அணை கட்டியபோது பழங்கோயில்களை நீரில் மூழ்காமல் உலக நாடுகள் கூடிக் காத்த செய்தியும் இருக்கிறது.

இதன் நுட்பத்தை ஊன்றிப் பார்க்கவேண்டும். மொழி அயல்மொழி, பொருளோ பெரும்பாலும் தன் வீட்டுப் பொருள். நிலநடுக்கத்தைப் பற்றித் தாத்தா சொல்லக் கேட்ட பிள்ளை அப்பாடத்தைப் படிக்கும்போது, தெரியாத சொல் ஒன்று குறுக்கிட்டாலும் திகைத்து நிற்கமாட்டான். செய்தியின் போக்கைக்கொண்டு சொல்லின் பொருளை ஊகித்துக்கொள்வான். வீட்டுப் பொருளிலே கால் ஊன்றியபின் எகிப்துக்குச் செல்வது எளிது.

சீனர் செய்வதெல்லாம் சிறப்பு என்று நான் சொல்லவரவில்லை. தேர்வுக்காகவே படிக்கும் படிப்பு அங்கும் மிகுதி. எழுத்துத் தேர்வில் வெற்றி பெற்றும் வாய்திறந்து பேச முடியாத ஆங்கிலத்தை ‘ஊமை ஆங்கிலம்’ என்று அவர்களே நகைத்துக் கூறுவர். தனிப்பயிற்சி வாணிகம் பெருகிப் போனதால், 2021 ஜூலையில் கட்டாயக் கல்வி வகுப்புகளுக்கான இலாப நோக்குடைய தனிப்பயிற்சிக்கு அந்நாட்டு அரசு தடைவிதிக்க வேண்டியதாயிற்று. குற்றத்தை விட்டுக் குணத்தை மட்டும் கொள்வோம்.

சீனப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் இங்குள்ள மாணவர்களுக்கு உடனே பயன்படும். ‘வெள்ளத்தில் நூற்றைம்பது பேரைக் காத்த புளியமரம்’ என்று நாம் சொல்லுகிறோம். அடைமொழியெல்லாம் முன்னே வர, பெயர் கடைசியில் வருகிறது. சீனரும் இவ்வாறே பெயரைக் கடைசியில்தான் வைப்பர். ஆங்கிலத்திலோ புளியமரம் முதலில் வந்துவிடும். அதன்பின் ‘விச்’ அல்லது ‘தட்’ என்னும் இணைப்புச்சொல் வரும். காத்த செய்தியும், நூற்றைம்பது பேரும், வெள்ளமும் அதன்பின் வால்போல் நீளும். நீண்ட வாக்கியத்தில் நம் பிள்ளை தடுமாறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். இதற்குப் பரிகாரம் எளிது. இணைப்புச்சொல் வருமிடத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துக்கொள்ளவேண்டும். கோட்டுக்குப் பின்னே உள்ளதைத் தமிழில் பெயருக்கு முன்னே கொண்டுவந்து சொல்லிப் பார்க்கவேண்டும். இரயில் நிலையத்தில் பின்பெட்டிகளைக் கழற்றி முன்னே கோப்பதுபோன்ற வேலை இது. தமிழை மறந்த பிள்ளைக்கு இவ்வேலை செய்யக் கருவியே இராது என்பதை நினைவில் வையுங்கள்.

இனி, எவ்வளவு படிக்கவேண்டும் என்பதற்குப் பீஜித் தீவு விடை சொல்லுகிறது. 1903 முதல் நம் சென்னை மாகாணத்துத் தொழிலாளரும் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிச் சென்ற தீவு அது. அங்கே கிராமப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் வாரிக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்னும் அறிஞர் இருவர் ஒரு சோதனை நடத்தி, 1983இல் அதன் முடிவை வெளியிட்டனர். ஒவ்வொரு வகுப்புக்கும் சுமார் 250 ஆங்கிலக் கதைநூல்களைக் கொடுத்தார்கள். ஆங்கிலம் அப்பிள்ளைகளுக்கு வீட்டுமொழி அன்று. ஆசிரியர் கதையைப் படித்துக் காட்டினார். அல்லது பிள்ளைகள் தாமே மௌனமாகப் படித்தார்கள். எட்டு மாதத்துக்குப்பின் பார்த்தபோது, படித்தறிவதிலும் கேட்டறிவதிலும் அப்பிள்ளைகள் வழக்கத்தைவிட இருமடங்கு விரைவாக முன்னேறியிருந்தார்கள். இலக்கண மனப்பாடமோ, தனிப்பயிற்சிக் கட்டணமோ இல்லாமல் கிடைத்த பயன் இது. பின்னர் 1980களின் நடுவில் சிங்கப்பூர் அரசும் தன் பள்ளிகளில், சீனர், மலாய்க்காரர், தமிழர் ஆகிய எல்லாப் பிள்ளைகளுக்கும் கதைநூல்வழி ஆங்கிலம் கற்பிக்கும் திட்டத்தை மேற்கொண்டது.

சிங்கப்பூரைப் பற்றிச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சேர்த்தே சொல்லவேண்டும். என் தமக்கையின் குடும்பம் அங்கே வாழ்வதால் அவ்வூர்ச் செய்தியை ஆவலோடு கவனிப்பவன் நான். 1966இல் அங்கே உயர்நிலைப்பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. அதற்கு முன்பே, தமிழ்வழியில் கற்பித்துவந்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டுவிட்டது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. பள்ளிகளில் பாடமாகவும் இருக்கிறது. ஆயினும், வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுவோர் 2010 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 32.3 ஆக இருந்து, 2020இல் 48.3 ஆக உயர்ந்தனர். சீன வீடுகளிலும் சீனம் சுருங்குகிறது. அரசின் ஆதரவு பெற்ற இடத்திலேயே இந்நிலை என்றால், பள்ளியில் தமிழே இல்லாத காஞ்சன்பாக்கில் வீடு ஒன்றுதான் தமிழுக்குப் புகலிடம். வீட்டுக் கதவையும் சாத்திவிட்டால் தமிழ் எங்கே போய் நிற்கும்?

தமிழை விட்டால் ஆங்கிலம் வளரும் என்பதும் மெய்யன்று. கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979லேயே, முதல்மொழியில் பெற்ற படிப்புத்திறம் இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்று விளக்கினார். ஒரு பந்தியின் கருத்தைத் தமிழில் பிடிக்கத் தெரிந்த பிள்ளை, ஆங்கிலத்திலும் பிடிப்பான். காரண காரியத்தைத் தமிழில் கேட்டுப் பழகியவன், ஆங்கிலத்தில் ‘பிகாஸ்’ என்னும் சொல்லைக் கண்டதும் காரணத்தைத் தேடுவான்.

சான்றுக்கு நம் காஞ்சன்பாக்கையே காட்டலாம். 1982இல் இங்குள்ள ஏவுகணை ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் டாக்டர் அப்துல் கலாம் அவர்கள். தம் வாழ்வின் திசையை வகுத்த நாள் என்று அவர் பலமுறை நினைவுகூர்ந்தது, இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பில் படித்த ஒரு நாளை. ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. உடனே வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் சிறகடிப்பதையும் வாலைத் திருப்புவதையும் நேரில் காட்டினார். பறத்தலின் பொருள் முதலில் கண்ணால் கண்டு மனத்தில் பதிந்தது. விமானப் பொறியியலின் ஆங்கில நூல்கள் பின்னர் வந்தன. பொருள் முன்னே, சொல் பின்னே. இவ்வரிசையை மாற்றினால் காலி வண்டிதான் ஓடும்.

இயற்கையை ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற தமிழர் ஒருவரையும் சொல்லுகிறேன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் அவர்கள். 1950 தொடங்கி 1996இல் மறையும் வரை கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் விலங்குகளையும் பறவைகளையும் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் அதே பொருளை எழுதினார். தந்தையும் இருமொழி எழுத்தாளர், மைந்தரும் அவ்வாறே. தமிழ் அவர்கள் ஆங்கிலத்துக்குத் தடையாக நின்றதாக யாரும் சொன்னதில்லை.

நம் பிள்ளைகள் கற்கவேண்டிய வீட்டுப் பொருள் எங்கே கிடைக்கும்? அதற்காக இராமேசுவரம் போகவேண்டுவதில்லை. இங்கே பதுக்கம்மா விழாவில் தெலுங்குப் பெண்மணிகள் அடுக்கும் மஞ்சள் மலரைப் பார்த்திருக்கிறீர்கள். அவர்கள் அதைத் தங்கேடு என்பர். தெலங்கானாவின் மாநில மலர் அதுவே. அது நம் ஆவாரம்பூ அல்லவா? பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே பூ! ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘டேனர்ஸ் காசியா’. தோல் பதனிடுவோரின் காசியா என்று பொருள். அதன் பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்தியதால் வந்த பெயர். ஒரு பூவில் இரண்டு விழாவும், ஒரு தொழிலும், மூன்று மொழியும் அடங்கியிருக்கின்றன.

தசராவன்று இவ்வூரார் வணங்கும் ஜம்மி மரம் நம் கோயில்களில் நிற்கும் வன்னி. அன்று காண்பது நற்குறி என்று அவர்கள் தேடும் பாலபிட்டா நம் பனங்காடை. ஆங்கிலத்தில் ‘இந்தியன் ரோலர்’. காற்றில் புரண்டு புரண்டு பறப்பதால் அப்பெயர் பெற்றது. இதை ஒருமுறை கண்ட பிள்ளைக்கு ‘ரோல்’ என்னும் சொல்லை அகராதியில் தேடவேண்டியதில்லை.

முன்பு சொன்ன புளியமரமும் கற்பனை அன்று. 1908 செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆறு பெருக்கெடுத்து இந்நகரில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அப்சல்கஞ்சில், இன்று உஸ்மானியா மருத்துவமனை இருக்கும் வளாகத்தில் நின்ற புளியமரத்தில் ஏறி நூற்றைம்பது பேர் உயிர் பிழைத்தார்கள் என்று நகரத்தார் கூறுவர். அவ்வெள்ளத்துக்குப் பின்னரே விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டார். அவர் வகுத்த திட்டத்தின் வழியே 1920இல் உஸ்மான் சாகர் அணை நிறைவேறியது. ‘டாமரிண்ட்’ என்னும் ஆங்கிலப் பெயரே ‘இந்தியப் பேரீச்சை’ என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இத்தனையும் வீட்டில் தமிழில் கேட்ட பிள்ளையிடம் மூசி வெள்ளத்தைப் பற்றிய ஆங்கிலப் பக்கம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். தாங்சானைப் படிக்கும் சீனப் பிள்ளையைப்போல் அவனும் துணிந்து படிப்பான்.

ஆகவே, நம் சங்கத்தின் முன் ஒரு சிறு திட்டத்தை வைக்கின்றேன். ஞாயிறுதோறும் காலையில் ஒருமணி நேரம் சங்கக் கூடத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்து வைப்போம். முதல் இருபது நிமிடம் பெரியவர் ஒருவர் ஒரு மரத்தையோ, பறவையையோ, விழாவையோ, ஊரையோ பற்றித் தமிழில் சொல்லட்டும். தஞ்சாவூர்க்காரர் காவிரியைச் சொல்லலாம். நீலகிரியில் இருந்தவர் வரையாட்டைச் சொல்லலாம். நாகப்பட்டினத்துக்காரர் 2004இல் வந்த ஆழிப்பேரலையைச் சொல்லலாம். அடுத்த இருபது நிமிடம் அதே பொருளில் ஆங்கிலப் பக்கம் ஒன்றைப் பிள்ளைகள் மௌனமாகப் படிக்கட்டும். கடைசி இருபது நிமிடம், படித்ததைத் தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதட்டும். மதிப்பெண் வேண்டாம், பரிசும் வேண்டாம்.

நூல்களுக்கு அஞ்சவேண்டாம். நேஷனல் புக் டிரஸ்ட், சில்ரன்ஸ் புக் டிரஸ்ட் ஆகிய இரண்டும் 1957 முதல் குறைந்த விலையில் நல்ல நூல்களை வெளியிட்டு வருகின்றன. சாலிம் அலியும் லாயீக் பத்தேஹல்லியும் எழுதிய பறவை நூல் அவ்வரிசையில் வந்ததுதான். சென்னையின் தூலிகா பதிப்பகம் ஆங்கிலமும் தமிழும் ஒரே பக்கத்தில் அமைந்த படநூல்களை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதைவிட, அதிலேயே அவற்றைத் திறந்து கொடுக்கலாம்.

நூலைத் தேர்ந்தெடுக்க ஒரு முறையும் சொல்லுகிறேன். துணையின்றி இன்பமாகப் படிப்பதற்கு நூறு சொற்களில் 98 தெரிந்திருக்கவேண்டும் என்று ஹூ, நேஷன் ஆகிய ஆய்வாளர் இருவர் 2000இல் கணித்தனர். பிள்ளை ஒரு பக்கத்தைப் படிக்கும்போது தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்நூலை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைத்துவிட்டு, எளிய நூலைக் கையில் கொடுங்கள். எளிய நூலைப் படிப்பது இழிவன்று. ஏறமுடியாத படியில் நின்று அழுவதே வீண்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். “எனக்கு ஆங்கிலம் தெரியாதே, நான் எப்படி உதவுவது?” என்று நீங்கள் வருந்தவேண்டாம். கறிவேப்பிலைக்கும் அகத்திக்கும் உள்ள வேறுபாட்டையும், ஆடிப்பெருக்கின் காரணத்தையும், அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தையும் சமையலறையில் சொல்லிக்கொண்டே இருங்கள். நீங்கள் தமிழில் ஏற்றி அனுப்பும் சரக்கைத்தான் பிள்ளை ஆங்கில நிலையத்தில் இறக்கப்போகிறான். உங்கள் மொழி சுமையன்று, அதுவே முதல்.

இளஞ்செல்வங்களே! உங்களுக்கும் ஒரு சொல். தெரியாத சொல்லைக் கண்டு வெட்கப்படாதீர்கள். உங்கள் வயதுச் சீனப் பிள்ளை, தன் மொழியோடு எவ்வகை உறவும் இல்லாத ஆங்கிலத்தில் திபெத்திய மறிமானைப் படித்துத் தன் நாட்டைப் பற்றி உலகுக்குச் சொல்லக் கற்கிறான். வரையாட்டைப் பற்றியும், மூசியைப் பற்றியும், ஆவாரம்பூவைப் பற்றியும் ஆங்கிலத்தில் உலகுக்குச் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள். முதலில் அவற்றை உங்கள் பாட்டியிடம் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த முறை அவர் தொலைபேசியில் அழைக்கும்போது, “பாட்டி, நம் ஊரில் பனங்காடை உண்டா?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லத் தொடங்கினால், உங்களுக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய பாடம் கிடைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மேசை நாற்காலி போடுவதற்கும், நூல்களுக்குக் கணக்கு எழுதுவதற்கும் நான் முன்வருகிறேன். கணக்கு எழுதுவது என் தொழில். சொல்லிக்கொடுக்க முன்வருவோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்ளுகிறேன்.